இறையிலியும் நிர்ப்பீடனமும்: புற்றுநோய்ச் சிகிச்சையின் புதிய நெறியும் வன்னி மக்களும்

1

புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி எழுதியோர் நெடுங்காலமாக மூன்று வழிகளையே கூறிவந்தனர். கட்டியை வெட்டியகற்றுதல், கதிரால் எரித்தல், நஞ்சொத்த இரசாயனங்களாற் கொல்லுதல் என்பன அவை. இம்மூன்றிலும் நோயாளியின் உடல் வெறும் களமாக இருந்ததேயன்றிப் பங்காளியாக இருக்கவில்லை. இன்று நான்காவது வழியொன்று நிலைபெற்றுள்ளது. நோயாளியின் உடலில் இயல்பாக அமைந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டியோ, தளை நீக்கியோ, திருத்தியமைத்தோ புற்றுநோயை எதிர்கொள்ளச் செய்யும் இவ்வழி நிர்ப்பீடனச் சிகிச்சை எனப்படும்.

மருத்துவருக்குரிய பொருளில் இலக்கியமும் சமூக வரலாறும் பயிலும் நாம் தலையிடுவது ஏன் என வினவப்படலாம். மருந்தும் ஒரு சமூக உற்பத்தியே. அது யாருடைய உழைப்பால் உருவாகிறது, யாருடைய உடைமையாகிறது, யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற வினாக்கள் ஆய்வுகூடத்தினுள் மட்டும் விடை காணத்தக்கவையல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களை உள்ளிட்ட வன்னிப் பெருநிலப்பரப்பின் கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் மனத்திற்கொண்டு இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஈழத்துத் தமிழ்மொழிமூல விஞ்ஞான நூல்கள் 'நிர்ப்பீடனம்' என்ற வடசொல்லைக் கையாண்டு வந்துள்ளன. பீடனம் என்பது துன்பம், அஃதில்லாமை நிர்ப்பீடனம். மேனாட்டார் வழங்கும் சொல்லின் வரலாறு வேறு. அதன் மூலமான இலத்தீன் சொல் உரோமச் சட்டத்தைச் சேர்ந்தது. வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் விலக்களிக்கப்பட்டவரைக் குறித்தது. மருத்துவம் அதனைப் பின்னரே கடன்வாங்கிற்று. இப்பொருளுக்கு நெருங்கிய சொல் நம்மிடமும் உண்டு. சோழர் காலச் சாசனங்களில் வரும் 'இறையிலி' என்பது அதுவே. ஆயின் இறையிலி நிலம் பெரும்பாலும் கோயிலுக்கும் பிராமணருக்கும் உரியதாயிருந்தது. அந்நிலத்தை உழுதவனுக்கு விலக்கு எதுவும் இருக்கவில்லை. விலக்குரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அன்று நிலத்தைப் பற்றியதாயிருந்தது. இன்று நோயைப் பற்றியும் அதே கேள்வி எழுகிறது.

2

நிர்ப்பீடனச் சிகிச்சையின் தொடக்கம் பொதுவாக வில்லியம் கோலி என்னும் நியூயோர்க் அறுவை வைத்தியரின் பெயருடன் இணைத்துப் பேசப்படுகிறது. இளம் பெண்ணொருத்தி எலும்பைச் சார்ந்த புற்றுநோயால் 1891இல் தம் பராமரிப்பில் இறந்தமை அவரைப் பெரிதும் பாதித்தது. பழைய வைத்தியசாலைக் குறிப்புகளைத் தேடிய கோலி, கழுத்தில் மீண்டும் மீண்டும் வளர்ந்த கட்டியுடன் இருந்த ஒருவர் தோலிற் பற்றிய கடும் பற்றீரியத் தொற்றுக்கு ஆளாகி, அக்காய்ச்சலின் பின் கட்டி மறைந்து வீடு திரும்பியதைக் கண்டார். அம்மனிதர் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர். ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த நகர்ப்பகுதியில் தேடி, ஆண்டுகள் பல கழிந்தபின்னும் அவர் நலமாயிருப்பதைக் கோலி நேரிற் கண்டார். இச்சிகிச்சை நெறியின் முதற் சான்று செல்வர் மாளிகையிலன்றி உழைப்பாளர் குடியிருப்பிலேயே கிடைத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கோலி முதலில் உயிருள்ள பற்றீரியங்களையும் பின்னர் கொல்லப்பட்ட பற்றீரியங்களின் கலவையையும் நோயாளருக்கு ஏற்றினார். சிலர் குணமடைந்தனர், பலர் குணமடையவில்லை. ஏன் என்பதை விளக்கும் கோட்பாடு அன்று இருக்கவில்லை. அளந்து கொடுக்கத்தக்க கதிர்ச்சிகிச்சை பரவியதும் கோலியின் முறை ஒதுக்கப்பட்டது. அனுபவம் கோட்பாட்டை முந்திச் செல்லும்போது அது நிலைபெறாது போதல் அறிவியல் வரலாற்றிற் புதியதன்று.

கோட்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. உடலில் தவறான கலங்கள் அடிக்கடி தோன்றக்கூடும், ஆயினும் உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றை அடக்கிவைக்கிறது என்ற கருத்தை போல் ஏர்லிக் 1909இல் முன்வைத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 1950களின் இறுதியில், மக்பார்லேன் பேர்ணெற், லூயிஸ் தோமஸ் ஆகியோர் அதனை நிர்ப்பீடனக் கண்காணிப்பு என்ற கோட்பாடாக வளர்த்தனர்.

இதற்கிடையே எளிய மருந்தொன்று தன் வழியில் வந்துகொண்டிருந்தது. பிரான்சில் கல்மெற், கெரென் என்னும் இருவர் 1908 முதல் 13 ஆண்டுகள் மாட்டுக் காசநோய்க் கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து பெற்ற தடுப்பு மருந்தே பீ.சீ.ஜீ. எனப்படுவது. கனடாவில் அல்வாரோ மொறாலெஸ் அதனைச் சிறுநீர்ப்பையின் மேற்பரப்புப் புற்றுநோய்க்கு வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் சிறுநீர்ப்பையினுள்ளேயே செலுத்திப் பெற்ற பயனை 1976இல் வெளியிட்டார். அவர் விவரித்த நோயாளர் ஒன்பதின்மரே. ஆயினும் அம்முறை இன்றுவரை உலகெங்கும் கையாளப்படுகிறது. கிளிநொச்சி வைத்தியசாலையில் இன்று பிறக்கும் குழந்தையின் புயத்தில் ஏற்றப்படுவதும் இதே பீ.சீ.ஜீ. மருந்தே. வன்னியில் வாழும் பெரும்பாலோர் தம் தோளிலுள்ள சிறு தழும்பாக நிர்ப்பீடன வரலாற்றின் ஓர் அத்தியாயத்தைச் சுமந்து திரிகின்றனர் எனலாம்.

3

இன்றைய நிர்ப்பீடனச் சிகிச்சை ஒரு மருந்தைக் குறிப்பதன்று. பல வழிகளின் தொகுதியைக் குறிப்பது. அவற்றுள் மூன்றை விளங்கிக்கொள்ளுதல் அவசியம்.

முதலாவது, பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்தும் வழி. உடல் தனக்கு அந்நியமான பொருளை இனங்கண்டு அதனுடன் பொருந்தும் புரதத்தை ஆக்குகிறது. ஒரே இலக்குடன் மட்டும் பொருந்தும் பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் வேண்டிய அளவு ஆக்கும் முறையை 1975இல் கோலர், மில்ஸ்ரீன் என்போர் கேம்பிரிட்ஜிலிருந்த பிரித்தானிய அரசின் நிதி பெற்ற ஆய்வுகூடத்திற் கண்டறிந்தனர். அக்கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை பெறப்படவில்லை. இம்முறையின் வழியே நிணநீர்ப் புற்றுநோய்க்கான றிற்றுக்சிமாப் 1997இலும், மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கான றாஸ்ருசுமாப் 1998இலும் அமெரிக்க அனுமதி பெற்றன.

இரண்டாவது, தளை நீக்கும் வழி. தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடையும் 'ரி' கலங்கள் எனப்படும் வெண்குழியங்கள் தவறான கலங்களைக் கொல்ல வல்லவை. அவை கட்டுக்கடங்காது செயற்படின் உடலையே அழித்துவிடும். ஆதலால் அவற்றின் மேற்பரப்பில் செயலை நிறுத்தும் புரதங்கள் உள்ளன. அவ்வாறான புரதமொன்றை மறித்தால் எலிகளிற் கட்டிகள் மறைகின்றன என்பதை ஜேம்ஸ் அலிசன் 1996இல் காட்டினார். வேறொரு புரதத்தை யப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு 1992இலேயே கண்டறிந்திருந்தது. இவற்றின் பயனாக இப்பிலிமுமாப் 2011இலும், பெம்புறோலிசுமாப், நிவோலுமாப் ஆகியன 2014இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2018இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இம்மருந்துகளுக்கு மேனாட்டு மருத்துவம் சூட்டியுள்ள பெயரைத் தமிழாக்கினால் 'சோதனைச்சாவடித் தடுப்பிகள்' என வரும். வேறிடங்களில் இது வெறும் உருவகமாயிருக்கலாம். ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பொருள் மிக எளிதில் விளங்கும். புற்றுநோய்க் கலம் தன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை 'பாஸ்' போலக் காட்டுகிறது. சோதனையிட வந்த 'ரி' கலம் அதனைக் கண்டு விலகிப் போகிறது. மருந்து செய்வது அந்தப் பாஸை மறைப்பதே. கட்டியைக் கொல்வது மருந்தன்று. தளை நீங்கிய கலமே கொல்கிறது.

மூன்றாவது, திருத்தியமைக்கும் வழி. நோயாளியின் 'ரி' கலங்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய்க் கலத்தை இனங்காணும் வகையில் அவற்றின் மரபணுவை மாற்றி, பெருகச்செய்து மீண்டும் அவர் உடலிற் செலுத்துவது இது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வின் வழிவந்த இவ்வகைச் சிகிச்சை, சிறுவர்களையும் இளையோரையும் பற்றும் ஒரு வகைக் குருதிப் புற்றுநோய்க்காக 2017இல் அனுமதிக்கப்பட்டது.

இவற்றை அற்புத மருந்துகளாகக் கருதுதல் தவறு. முன்னர் சில மாதங்களே வாழக்கூடியவராயிருந்த மெலனோமா நோயாளருள் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர் என்பது உண்மை. பல புற்றுநோய்களில் நோயாளருள் சிறுபான்மையினரே பயன்பெறுகின்றனர் என்பதும் உண்மை. தளை நீங்கிய கலங்கள் குடலையும் நுரையீரலையும் ஈரலையும் கேடயச் சுரப்பியையும் தாக்குவதுண்டு. அதனை உரிய நேரத்தில் இனங்கண்டு அடக்காவிடின் மருந்தே உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே இச்சிகிச்சைக்கு மருந்துக் குப்பி மட்டும் போதாது. திசுப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடமும், பயிற்சி பெற்ற தாதியும், நோயாளி விரைந்து வரத்தக்க பாதையும் வேண்டும்.

4

இவ்வறிவின் உற்பத்தி முறையை நோக்குமிடத்து அதன் சமூகத் தன்மை தெளிவாகிறது. பல்கலைக்கழகங்களும் அரசின் பணமும் தம் உடலைப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்த எண்ணற்ற நோயாளரும் சேர்ந்தே இதனை ஆக்கினர். தனியார் கம்பனிகளும் பெருமுதலிட்டு மருந்தை அளவிற் பெருக்கிப் பரிசோதித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விளைவின் உடைமை எவ்வாறு அமைந்தது? 2023ஆம் ஆண்டில் பெம்புறோலிசுமாப் ஏறத்தாழ 2500 கோடி டொலருக்கு விற்பனையாகி, உலகில் அதிகம் விற்ற மருந்துகளின் முன்வரிசையில் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில், கடனைத் தீர்க்கமுடியாது நின்ற இலங்கைக்கு நான்கு ஆண்டுகளில் வழங்கச் சர்வதேச நாணய நிதியம் இணங்கிய தொகை ஏறத்தாழ 300 கோடி டொலர். ஒரு மருந்தின் ஓராண்டு விற்பனை, ஒரு நாட்டின் மீட்புக்கென்று நிபந்தனைகளுடன் தரப்பட்ட தொகையிலும் எட்டு மடங்கு பெரியது. மரபணு மாற்றிய கலச் சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் இடப்பட்ட விலை ஒருவருக்கு 475,000 டொலர்.

கண்டறிந்தவரும் இம்முரண்பாட்டிலிருந்து தப்பவில்லை. தமக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய பங்கு தரப்படவில்லை என ஹொன்ஜோ யப்பானிய மருந்துக் கம்பனியொன்றுடன் வழக்காடினார். 2021இல்தான் இணக்கம் ஏற்பட்டது. மறுபுறம், உடைமை கொண்டாட முடியாத பழைய பீ.சீ.ஜீ. மருந்து இலாபம் குறைந்தது. அதனை உற்பத்தி செய்த பெருங் கம்பனியொன்று 2017இல் அத்தொழிலையே கைவிட்டது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளர் செல்வ நாடுகளிலும் தட்டுப்பாட்டை அனுபவித்தனர். பயன்பாட்டுப் பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் முரண்படும் நிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5

இவ்வுலகச் சந்தையின் கடைக்கோடியில் வன்னி இருக்கிறது. நோயும் பாதையுமே அதன் வரலாற்றை நெடுங்காலம் நிருணயித்தன. மலேரியாவின் பிடி தளர்ந்தபின்னரே இரணைமடு போன்ற குளங்களை அண்டிய குடியேற்றங்கள் உறுதிபெற்றன. இலங்கை மலேரியாவற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தொற்றுநோய்கள் பின்வாங்கிய இடத்தைத் தொற்றா நோய்கள் பிடித்தன.

இலங்கை ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்று. பெண்களிடையே மார்பகப் புற்று. வாய்ப்புற்றின் பிரதான காரணங்களுள் வெற்றிலை பாக்கு மெல்லுதல் ஒன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்டது. வயலிலும் கடலிலும் நெடுநேரம் பாடுபடுவோருக்கு வெற்றிலை ஆடம்பரமன்று. பசியையும் களைப்பையும் தள்ளிவைக்கும் வழி. ஆதலால் வாய்ப்புற்றைத் தனிமனிதரின் தீய பழக்கமாக மட்டும் விளக்குவோர் உழைப்பின் நிலைமைகளை மறந்துவிடுகின்றனர்.

நோயுற்றபின் எங்கே போவது? கிளிநொச்சியிலிருந்து மகரகமையிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. போர்க்காலத்தில் இத்தூரம் வெறுந் தூரமாக இருக்கவில்லை. ஏ-9 வீதி 2002 ஏப்ரலிலே திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 பெப்ரவரியில் காயமுற்றோரும் நோயாளரும் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டிற் கப்பல் மூலம் திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மூன்று வாரத்துக்கொரு முறை தவறாது பெறவேண்டிய சிகிச்சை எதுவும் அந்நிலத்தில் அன்று எண்ணிப்பார்க்கத்தக்கதாயிருக்கவில்லை.

போர் முடிந்தபின் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்து நிதி திரட்டினர். அந்நிதி தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழத் துணைபுரிந்தது. அது வடக்குக்குப் பெரும் ஆறுதல். ஆயினும் முல்லைத்தீவுக் கரையோரத்தவருக்குத் தெல்லிப்பழையும் 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமே. சிகிச்சை இலவசமாயினும் பயணம் இலவசமன்று. கூட வருபவரின் ஒருநாட் கூலியும் இழப்பாகிறது. சிகிச்சையை இடையில் நிறுத்துவோரை அறியாமையாளர் எனக் கூறுமுன் இக்கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

இலவச மருத்துவமும் தன்பாட்டில் நிலைப்பதன்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது நாடெங்கும் அரச வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகள் அற்றுப்போயின. 2023இல், பிறபொருளெதிரிகளைக் கொண்ட இம்யூனோகுளோபியூலின் மருந்து தரமற்றதாக வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட விவகாரம் வெளியாயிற்று. விசாரணை றிற்றுக்சிமாப் மருந்துக்கும் நீண்டது. முன்னர் சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியிற் கைதுசெய்யப்பட்டார். விடயம் நீதிமன்றத்தின் முன் சென்றது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் கூறட்டும். எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளியின் நரம்பினுள் எது செல்கிறது என்பதை உறுதிப்படுத்தவேண்டிய பொது ஏற்பாடு எவ்வளவு நலிந்துள்ளது என்பதே நம் கவனத்துக்குரியது.

6

ஆயின் இது முடிவான நிலையா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. நம்முன் குறைந்தது மூன்று முன்னுதாரணங்கள் உள்ளன.

முதலாவது, தடுப்பு மருந்துகளின் அனுபவம். ஈரற் புற்றுநோயின் முக்கிய காரணமான ஹெபரைற்றிஸ் 'பீ' கிருமிக்கெதிரான மருந்து 2003 முதலும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை விளைவிக்கும் கிருமிக்கெதிரான மருந்து 2017 முதலும் இலங்கையின் தேசியத் தடுப்பு மருந்துத் திட்டத்திற் சேர்க்கப்பட்டுள்ளன. பின்னையது ஆறாந் தர மாணவியருக்குப் பாடசாலையிலேயே ஏற்றப்படுகிறது. ஒட்டுசுட்டானில் ஒரு கமக்காரரின் மகளும் கொழும்பில் ஒரு கோடீசுவரரின் மகளும் இவ்விடயத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். நிர்ப்பீடன அறிவு பண்டமாகாது பொதுச் சேவையாகும்போது அது வன்னியையும் எட்டுகிறது.

இரண்டாவது, சேனக பிபிலேயின் மருந்துக் கொள்கை. இடதுசாரியான இம்மருந்தியற் பேராசிரியர், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது மக்களிடையே பணியாற்றிய கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அறிக்கையொன்றைத் தயாரித்தார். அவ்வாண்டு நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே. வர்த்தகப் பெயர்களைத் தவிர்த்தல், அத்தியாவசிய மருந்துகளை வரையறுத்தல், உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாகக் கொள்வனவு செய்தல் என்பன அவர் காட்டிய வழிகள். பிபிலே 1977இல் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டிற் பிறந்த திறந்த பொருளாதாரம் அவருடைய பணியைத் தேய்த்தது. எனினும் வளர்முக நாடுகள் பல அக்கொள்கையிலிருந்து கற்றன. இன்று ஆக்கவுரிமை முடிந்த பிறபொருளெதிரி மருந்துகளை ஒத்த மருந்துகள் இந்தியாவில் உற்பத்தியாகும் நிலையில், மொத்தக் கொள்வனவும் இறுக்கமான தரப் பரிசோதனையும் ஒருங்கே அமைதல் பழைய கனவன்று, நடைமுறைத் தேவையாகும்.

மூன்றாவது, அளவையும் உற்பத்தியையும் மீள ஆராய்ந்தோரின் அனுபவம். மும்பையிலுள்ள டாட்டா நினைவு வைத்தியசாலை தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகப் பொருந்துவது. வாய்ப்புற்றும் இவ்வகையைச் சேர்ந்ததே. வழமையாக 240 மில்லிகிராம் அளவிற் கொடுக்கப்படும் நிவோலுமாப் மருந்து 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கொரு முறை, மலிவான வாய்வழி மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஓராண்டின்பின் உயிருடனிருந்தோர், நிவோலுமாப் பெறாதோரிடையே நூற்றுக்கு 16.3, பெற்றோரிடையே 43.4. முழு அளவுடன் இதனை நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுகளும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேவையான மிகக் குறைந்த அளவு எது என்ற கேள்வியை விற்பனையாளன் எழுப்புவதில்லை. வாங்க இயலாதோரின் பக்கம் நிற்பவனே எழுப்புகிறான் என்பதை இவ்வாய்வு காட்டுகிறது.

மரபணு மாற்றிய கலச் சிகிச்சையை அதே வைத்தியசாலையும் மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகமும் கூட்டாக உருவாக்கின. 2023இல் அனுமதிபெற்ற அதன் விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்திலொன்று. அதுவும் ஏழைக்கு எட்டாததே. எனினும் விலை இயற்கையின் விதியன்று என்பதை நிறுவிவிட்டது. பொருளாதாரத் தடையுள் நின்ற கியூபா 1994இல் ஹவானாவில் மூலக்கூற்று நிர்ப்பீடனவியல் மையத்தைத் திறந்து, நுரையீரற் புற்றுநோயாளர் சிலரின் வாழ்நாளை நீட்டும் மருந்தொன்றைத் தன் மக்களுக்கு வழங்கியது. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் பெம்புறோலிசுமாப்பைக் கருப்பைக் கழுத்து, பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றிற் பரவிய சில புற்றுநோய்களுக்கும் அத்தியாவசிய மருந்தாகப் பட்டியலிட்டது. அத்தியாவசியம் என ஏற்கப்பட்ட ஒன்று பெரும்பாலோருக்கு எட்டாதிருப்பின், குறை மருந்திலன்று, அதனைச் சூழ்ந்த உறவுகளிலேயே உள்ளது.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நிர்ப்பீடனச் சிகிச்சை புற்றுநோய் மருத்துவத்தில் உண்மையான முன்னேற்றம். அதனை முதலாளித்துவத்தின் மாயை என்று ஒதுக்குதல் பேதைமை. அதே வேளை, அறிவு முன்னேறினால் அதன் பயன் தானாகவே கீழிறங்கி வன்னியை அடையும் என்று நம்புதலும் பேதைமையே. வன்னிக்கு வந்தவை எல்லாம் பொது ஏற்பாட்டின் வழியே வந்தன. தோளிலுள்ள தழும்பு அவ்வாறு வந்தது. பாடசாலையில் ஏற்றப்படும் மருந்து அவ்வாறு வந்தது. தெல்லிப்பழை வைத்தியசாலையும் மக்கள் நடந்து சேர்த்த பணத்தின் துணையுடன் எழுந்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். வாய்ப்புற்றையும் மார்பகப் புற்றையும் தொடக்கத்திலேயே கண்டறியும் வசதி வன்னியின் ஒவ்வொரு பிரதேசத்துக்கும் வேண்டும். எந்தப் புதிய மருந்தைவிடவும் அதிக உயிர்களைக் காப்பது அதுவே. சிகிச்சைக்குச் செல்வோருக்கும் உடன் செல்வோருக்கும் பயணச் செலவு பொதுப்பொறுப்பாக வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் இம்மருந்துகளின் பக்கவிளைவுகளை இனங்காணும் பயிற்சி வேண்டும். குறைந்த அளவு பற்றிய ஆய்வுகளில் நம் நாட்டு வைத்தியசாலைகளும் பங்குகொள்ளல் வேண்டும். பிபிலே காட்டிய வழியில் கொள்வனவும் தரக்கட்டுப்பாடும் மீளக் கட்டியெழுப்பப்படல் வேண்டும்.

இறையிலி நிலத்தை உழுதவனுக்கு அன்று விலக்கு இருக்கவில்லை. அந்நிலத்தின் விளைவு அவன் உழைப்பால் வந்தது என்பதை மாற்றச் சாசனத்தால் இயலவில்லை. புற்றுநோயிலிருந்து விடுபடும் வழியும் அவ்வாறே பலரின் உழைப்பாலும் உடலாலும் வந்தது. அதன் பயனில் வன்னி மக்கள் கேட்பது தானமன்று, பங்கு.